தண்டும் காலும்: பாய்மரப் படகின் யந்திரம் பற்றி ஒரு பரிசீலனை

காற்றையே நம்பிக் கடலில் இறங்கும் பாய்மரப் படகுக்கும், நெரிசலான துறைக்குள் நுழையவும் காற்று ஓய்ந்த வேளையில் கரை சேரவும் ஒரு சிறு டீசல் யந்திரம் இன்றியமையாததாகிவிட்ட இக்காலத்தில், அதன் சக்தியை நீருக்கடியிலுள்ள விசிறிக்கு எவ்வழியாகக் கொண்டுசெல்வது என்ற கேள்வி, படகு வாங்குவோர் பலர் எண்ணுவதைவிடக் கனமானது. வழிகள் இரண்டு. படகின் பின்புறமாகச் சாய்ந்து இறங்கும் நீண்ட எஃகுத் தண்டு ஒன்று. படகின் அடியைத் துளைத்துச் செங்குத்தாக இறங்கும் அலுமினியக் கால் மற்றொன்று. பின்னதைச் செயில்டிரைவ் என்பர். 1970-களில் ஸ்வீடனின் வால்வோ பென்டா நிறுவனத்தால் பரவத் தொடங்கிய இம்முறையையே இன்று பெனட்டோ, பவேரியா முதலிய பெருநிறுவனங்கள் கட்டும் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை தாங்கி வருகின்றன. இவ்விரண்டையும் வேகத்தாலோ விலையாலோ மட்டும் அளப்பது போதாது. பழுது நேரும்போது அது எவ்விதம் தன்னை வெளிப்படுத்துகிறது, அதை யார், எங்கே நீக்க முடியும் என்பதே முதன்மையான அளவுகோல் என்பது என் துணிபு.

தண்டு முறை நீராவிக் கப்பல்களின் காலத்தது. ஓயாது சுழலும் ஓர் உலோகத் தண்டு கப்பலின் உடலை ஊடுருவி வெளியேறும் இடத்தில் அதைத் தாங்குவது எப்படி என்பது அக்காலப் பொறியாளரை மெத்த வருத்திய பிரச்சினை. உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்து கப்பல்களையே அபாயத்துக்கு உள்ளாக்கின. 1854-இல் ஜான் பென் என்ற ஆங்கிலப் பொறியாளர், இயல்பிலேயே பிசின் நிறைந்த லிக்னம் வைட்டே என்னும் கடினமான மரத்தின் கீற்றுகளைத் தாங்கியினுள் பதித்து, கடல்நீரையே அதற்கு உராய்வு நீக்கும் எண்ணெயாக்கினார். இன்றைய படகில் அம்மரத்தின் ஸ்தானத்தை வரிப்பள்ளமுள்ள ரப்பர் தாங்கி பெற்றிருக்கிறது, தத்துவம் அதுவே. படகின் உட்புறத்தில், கொழுப்பூட்டிய திரியைத் தண்டைச் சுற்றி இறுக்கிய கிளாண்ட், யந்திரம் ஓடுகையில் நிமிஷத்துக்குச் சில துளி நீரை உள்ளே விடும். இக்காலப் படகுக்காரர் பலர் இத்துளியை வெறுக்கின்றனர். நானோ அதை இம்முறையின் தலையாய குணமாகக் கருதுகிறேன். துளி மிகுந்தால் திரி தேய்ந்துவிட்டது. துளி அறவே நின்று கிளாண்ட் சுட்டால் அளவுமீறி இறுக்கியாயிற்று. தண்டு அதிர்ந்தால் யந்திரம் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கலாம். இவையனைத்தும் சாதாரண மனிதனின் கைக்கும் காதுக்கும் எட்டுபவை. பலவற்றைப் படகு மிதந்தபடியே, இரண்டொரு ஸ்பானரைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் தண்டு உழைப்பைக் கேட்கும். யந்திரமும் தண்டும் இணையும் இரு முகங்களுக்கிடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து மயிரிழை பிசகாமல் நேராக்க வேண்டும். அதையும் படகு நீரில் இறங்கி அதன் உடல் இயல்பான வடிவை அடைந்த பிறகே செய்ய வேண்டும். செயில்டிரைவ் இவ்வேலையை ஒரேயடியாக ஒழித்துவிட்டது. யந்திரமும் கியர் பெட்டியும் காலும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, அடியிலுள்ள துவாரத்தில் இறக்கப்படுகின்றன. இதனால் விளையும் முதல் லாபம் படகு கட்டுபவருடையது என்பதை மறக்கலாகாது. எனினும் வாங்குபவர் பெறும் அனுகூலமும் மெய்யானதே. விசிறி சாயாமல் நேர் பின்னோக்கி நீரைத் தள்ளுவதால் அதன் இலைகள் மீது பாரம் சமமாக விழுகிறது. அதிர்வும் ஓசையும் தணிகின்றன. பின்னோக்கிச் செல்லும்போது படகின் பின்புறம் ஒருபக்கமாக இழுபடும் தொல்லையும் குறைகிறது.

திறன் பற்றிய வாதத்தை நீட்டுவதில் பயனில்லை. தண்டு 12 பாகை சாய்ந்திருந்தால் முன்தள்ளும் விசையில் நூற்றுக்கு 2 பங்கே வீணாகிறது; சக்தியை இருமுறை செங்கோணத்தில் திருப்பும் காலின் பற்சக்கரங்களும் தம் பங்குக்குச் சிறிது விழுங்குகின்றன. ஆனால் துறைக்குள் மெல்லத் திரும்புகையில், சுக்கானுக்குச் சற்று முன்னே நிற்கும் தண்டின் விசிறி அதன்மேல் நீரை வீசித் துணைசெய்கிறது. வெகுதூரம் முன்னே நிற்கும் காலின் வீச்சு சுக்கானை எட்டுமுன் தளர்ந்துவிடுகிறது.

காலின் பெருங்குறை அதன் உலோகத்திலேயே இருக்கிறது. கடல்நீரில் வெண்கலத்தோடோ செம்போடோ மின்தொடர்பு ஏற்பட்டால் அலுமினியமே கரைந்து அழியும். அதைக் காக்க, தன்னை முதலில் பலியிடும் துத்தநாக வளையம் ஒன்று விசிறியருகே பூட்டப்படுகிறது. அது கரைந்து தீர்ந்த நாளிலிருந்து கரைவது காலேயாகும். பாசி படியாமலிருக்கப் படகின் அடிக்குப் பூசும் செம்புச் சாயத்தை அறியாமல் காலுக்கும் பூசிவிட்டால் அரிப்பை நாமே அழைத்தவராவோம். இவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர்பு: கரையிலிருந்து மின்சாரம் பெறும் கம்பியின் பூமி இணைப்பு அடுத்தடுத்து நிற்கும் படகுகளையெல்லாம் ஒன்றாக்கிவிடுவதால், உரிய தடைக்கருவி இல்லாத படகின் கால், அயல் படகின் வெண்கலத்துக்காகக் கரையக்கூடும். விசிறித் தண்டின் அடைப்பு பழுதுபட்டு, கியர் எண்ணெயில் நீர் கலந்து அது பால் நிறமாவதும் உண்டு. எண்ணெய் மட்டம் காட்டும் கோலை எடுத்துப் பார்ப்பவருக்கே அது தெரியும், தெரிந்தாலும் படகைக் கரையேற்றினாலொழியப் பரிகாரமில்லை.

கால் இறங்கும் பெருந்துவாரத்தில் கடலைத் தடுத்து நிற்பது ரப்பர்ச் சவ்வு. வால்வோ பென்டா அதை 7 ஆண்டுகளுக்கொருமுறை மாற்றச் சொல்கிறது. அது கிழிவது மிக அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தவிரவும், துளியை நிறுத்தத் தண்டில் ரப்பர்த் துருத்தியுள்ள நவீன அடைப்பைப் பூட்டிக்கொண்டவர்கள் செயில்டிரைவின் சவ்வைப் பழிப்பது நியாயமன்று. அவர்களும் ரப்பரையே நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே இடம் நோக்கியே தீர்ப்புக் கூற வேண்டும். உப்புக் குறைந்த பால்டிக் கடலில், பனிக்காலந்தோறும் படகைக் கரையேற்றிப் பரிசோதிக்கும் வழக்கமுள்ள நாட்டவருக்குச் செயில்டிரைவ் மிகப் பொருத்தமான யந்திரம். அது அங்கே தழைத்ததில் வியப்பில்லை. பட்டறையோ படகு தூக்கும் கருவியோ இல்லாத பசிபிக்கின் பவளத்தீவுகளிடையே மாதக்கணக்கில் பிரயாணம் செய்பவருக்கு நான் தயங்காமல் தண்டையே சொல்வேன். படகு கட்டும் நிறுவனங்கள் இத்தேர்வை வாங்குபவரிடம் விட்டுவைக்க வேண்டும். அது இயலாதெனில், யந்திரத்தை முன்னே நகர்த்திச் சவ்வை எட்டுவதற்கேனும் இடம் விட்டு அறையை அமைக்க வேண்டும். ஏழாம் ஆண்டில் ஒரு ரப்பர்ச் சவ்வுக்காகப் படிக்கட்டையும் அலமாரியையும் பெயர்த்தெடுக்க நேரும் படகை, அது எத்துணை அழகாயினும், நன்கு கட்டப்பட்டதென்று ஏற்க என் மனம் இசையவில்லை.