நன்னூற் பாயிரமும் நம் இசைப் பயிற்சியும்

ஆறுமுக நாவலரவர்கள் நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்த காலந்தொட்டு நம்மூர்த் தமிழ் மாணாக்கர் அந்நூலின் பொதுப்பாயிரத்தை நெட்டுருப் பண்ணியே வளர்ந்தனர். மாணாக்கராயிருக்கையில் மனனஞ் செய்த அப்பாயிரத்தை ஆசிரியராகிய பின்னர் மறந்துவிடுதல் நம்மிற் பலர்க்கு இயல்பு. மறவாதவர் சிலர் அதனைத் தமக்கு வேண்டியவிடத்து மாத்திரம் எடுத்தாளுதலும் உண்டு. அங்ஙனம் எடுத்தாண்டு பிழைபட்டாருள் யானும் ஒருவன். அப்பிழையை முன்னிட்டுப் பாயிரச் சூத்திரம் ஒன்றனை மீள நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மாலைவேளையிற் செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டு விறாந்தையிலிருந்து சரளி வரிசை எழுதலைக் கேட்பர். ஆண்டுச் சொல்லிக்கொடுப்பவர் பலகாலும் வித்துவானல்லர். தாமே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர். மருதனார்மடத்தில் 1960 ஆம் ஆண்டு சங்கீத அக்கடமியாகத் தொடங்கி, 1975 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக அமைப்பினுட் சேர்ந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த மாணவரும், வட இலங்கைச் சங்கீத சபையின் மேற்றரப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்வோரும் இவருள் அடங்குவர். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறையிலே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வகையிற் கிடைக்கும் சிறுபணம் அறைக்கூலிக்கும் சோற்றுக்கும் உதவுகின்றது. ஆதலின் இவ்வழக்கத்தை இகழ்ந்துரைத்தல் என் கருத்தன்று. கற்பிக்கும் மாணவனும் கற்கும் குழந்தையும் ஒருங்கே பயன்பெறுகின்றனரா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பொதுப்பாயிரம் ஐந்து பொருள்களைக் கூறும். நூலினியல்பு, ஆசிரியன் வரலாறு, பாடஞ்சொல்லலின் வரலாறு, மாணாக்கன் வரலாறு, பாடங்கேட்டலின் வரலாறு என்பன அவை. இவற்றுள் இறுதிப் பகுதியிலே கல்வி நிரம்பும் வகையைக் கூறுமிடத்துப் பவணந்தியார் ஒரு கணக்கிடுகின்றார். ஆசிரியன் உரைத்ததை எத்துணை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கல்வியிற் காற்கூறே ஒருவனுக்குக் கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைத்தலாலே நிரம்பும். கற்றலின் சரிபாதி கற்பித்தலிலே உளது என்னும் இக்கருத்து வியக்கத்தக்கது. நம் திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை இளைய பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியதும் இக்கருத்துக்கு இயைந்ததே. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரூ பெல் என்பார், இந்நாட்டார் பள்ளிகளிற் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்து, 1797 ஆம் ஆண்டிலே அதுபற்றி நூல் எழுதினார். இங்கிலாந்திற் பரவிய அம்முறைக்கு மதராஸ் முறை என்றே பெயர் வழங்கிற்று.

இச்சூத்திரத்தின் உண்மையை என் வாழ்விலும் கண்டிருக்கின்றேன். பல்கலைக்கழகத்துட் சென்று படிக்கும் வாய்ப்பின்றி, வெளிவாரி மாணவனாகக் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்த காலத்திலே, அயலிலிருந்த பிள்ளைகள் அறுவர்க்கு இலக்கணஞ் சொல்லிக்கொடுத்து அவ்வூதியத்தாற் புத்தகம் வாங்கினேன். அவர்க்குச் சொல்லப் புகுந்தபோதே எனக்குத் தெரியாதது எது என்பது எனக்குத் தெரிந்தது. வேற்றுமைத் தொகையிலே உருபு மறைந்து நிற்றலால் அவ்விடத்து வல்லெழுத்து மிகும் என்று இரண்டாம் வேற்றுமைக்கும் சேர்த்துப் பொதுப்படச் சொல்லிவிட்டேன். ‘கனி தின்றான்’ என்பதிலே ஏன் மிகவில்லை என ஒரு சிறுமி வினாவினாள். அன்றிரவு விளக்கை அணையாது உரையைப் புரட்டினேன். மறுநாட் கரும்பலகையிலே முன்னெழுதியதை அழித்துத் திருத்தமானதை எழுதினேன். பிழை ஒரு மாலையிலே ஒழிந்தது; யானும் கற்றேன், அவர்களும் கற்றார்கள்.

இந்த அனுபவத்தையே சான்றாகக் கொண்டு யான் செய்த காரியம் ஒன்றுண்டு. என் தமையனார் தம் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க யாரை அமர்த்தலாம் என்று என்னைக் கேட்டார். அப்பொழுது அவளுக்கு எட்டு வயது. நல்ல குரல்வளமும் மேடைப் பழக்கமும் உள்ள இளைஞன் ஒருவன், இசைத்துறையிலே இரண்டாமாண்டு மாணவன், அயலில் இருந்தான். “சரளி வரிசைக்கு வித்துவான் எதற்கு?” என்று தமையனார் சொன்னார். யானும் மேற்படி சூத்திரத்தை எடுத்துக்காட்டி, அவ்விளைஞனுக்கும் அது பயிற்சியாகும் என்று உடன்பட்டேன். அவன் ஒழுங்காக வந்தான்; அன்பாகவே சொல்லிக்கொடுத்தான். ஈராண்டினுள் பிள்ளை நவராத்திரி விழாவிலே இரண்டு கீர்த்தனைகள் பாடினாள். எல்லாரும் கைதட்டினோம்.

பின்னர் அவன் பட்டம் பெற்று ஊர் சென்றான். முதிய வித்துவான் ஒருவரிடம் பெறாமகளை அழைத்துச் சென்றேன். அவர் கீர்த்தனை கேட்கவில்லை. முதற் சரளி வரிசையை விளம்பகாலத்திற் பாடச் சொன்னார். மாயாமாளவகௌளையின் ரிஷபம் தன் நிலையினின்றும் உயர்ந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அவ்வாறே நின்றது. மேற் சட்சத்தைத் தொடுகையில் மோவாயைத் தூக்கிக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். “இது யாருடைய சுருதி?” என்று அவர் கேட்டார். அஃது அவ்விளைஞனுடைய கட்டைக்குக் கைத்தொலைபேசியிலே அமைத்த சுருதி. ஈராண்டாக அக்குழந்தை தன் குரலிலன்றிப் பிறனொருவன் குரலிலே பாடியிருக்கின்றாள். வித்துவான் அவளைச் சட்சத்திலும் பஞ்சமத்திலும் பல மாதம் நிறுத்திவைத்தார். மேடையிற் கீர்த்தனை பாடிய பிள்ளைக்கு அது பெருந்தண்டனையாகத் தோன்றிற்று. ஒருநாள் அழுதாள், பிறகு வகுப்புக்குப் போகவில்லை. இப்பொழுது அவள் பாடுவதில்லை.

இலக்கணத்திலே ஒரு மாலையில் ஒழிந்த பிழை இசையிலே ஏன் ஒழியவில்லை? இலக்கணப் பிழை அறிவிலே தங்குவது; அறிவு திருந்தினால் அதுவும் திருந்தும். இசைப் பிழையோ மிடற்றிலும் விரலிலும் செவியிலும் தங்குவது. தான் பிழையாகப் பாடுகின்றோம் என்று அறிந்த பின்னும் மிடறு பழைய இடத்துக்கே செல்லும். அன்றியும், இலக்கணத்திலே பிள்ளை வினாவலாம். முதன்முதல் ஸ்வரங்கேட்கும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பவன் குரலன்றி வேறு அளவுகோல் இல்லை. கேட்டதே அதற்குச் சரியாகும்.

மரபு வகுத்த தொடக்கப் பாடமும் எளிதானதன்று. புரந்தரதாசர் வகுத்ததாக வழங்கும் வரிசைகளுக்கு மாயாமாளவகௌளை கொள்ளப்பட்டமைக்குத் தக்க காரணம் உண்டு. சட்சத்திலிருந்து ரிஷபம் அண்மையிலும், ரிஷபத்திலிருந்து காந்தாரம் சேய்மையிலும், காந்தாரத்திலிருந்து மத்திமம் அண்மையிலும் நிற்கும். பஞ்சமம் முதல் மேற் சட்சம் வரை அதே அமைப்பு மீண்டும் வரும். முற்பாதியைச் செவி பற்றிக்கொண்டாற் பிற்பாதி தானே அமையும்; முற்பாதி பிழைத்தாற் பிற்பாதியும் உடன் பிழைக்கும். அப்பிழையை முதல் வாரத்திலே கேட்டறியவல்ல செவி பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. தொடக்கத்துக்குச் சிறிய ஆசிரியன் போதும் என்னும் நம் எண்ணம் தலைகீழானது. தேர்ந்த மாணவன் ஆசிரியன் குறையைத் தானே நிரப்பிக்கொள்வான். தொடங்குபவனால் அஃது இயலாது.

இனிச் சூத்திரத்துக்கு மீள்வோம். யான் பிழைத்த இடங்கள் மூன்று. அது நிற்கும் இடம் பாடங்கேட்டலின் வரலாறு, ஆசிரியன் வரலாறன்று. கற்பவன் அடையும் ஊதியத்தை அஃது அளக்கின்றதேயன்றி, ஆசிரியனாதற்கு உரிமை வழங்குகின்றிலது. இரண்டாவது, கூறுகள் வரிசைப்பட நிற்கின்றன. உடன்பயில்வாரோடு பயின்று பெறுங் கூறு நிரம்புமுன் மூன்றாம் படியில் ஏறுதல் முறையன்று. மூன்றாவது, வெறுமனே உரைத்தல் என்னாது செவ்விதாக உரைத்தல் என்று அடைகொடுத்திருக்கவும் அவ்வடையை யான் பொருட்படுத்தவில்லை.

செவ்விதாக உரையாமை எத்தன்மையது என்பதனை ஆசிரியராகாதார்க்குக் கூறிய நான்கு உவமைகள் விளக்கும். கழற்காய் பெய்த குடம், பெய்த முறையன்றி மாறிக் கொட்டும்; வரிசைகள் முற்றுமுன் கீர்த்தனைக்குத் தாவுதல் அத்தகையது. மடற்பனை, தானே விழுத்தினாலன்றிப் பழந்தராது. தன் பரீட்சை நெருங்குங்காற் பாடத்தை மாதக்கணக்கில் விட்டுவிடுதல் அது. பஞ்சு அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாகவே விடும். தான் செய்வதைச் செய்துகாட்ட இயன்றும் விளக்கிச்சொல்ல இயலாமை அது. முடத்தெங்கு, நீர் வார்த்தவன் வளவில் நின்று அயலான் வளவிற் காய் விழுத்தும். பிள்ளையின் நேரத்திலே தன் வர்ணத்தைச் சாதகஞ் செய்துகொள்ளுதல் அது. இந்நான்கிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குடத்திலே காய் உண்டு, பனையிலே பழம் உண்டு, குண்டிகையிலே பஞ்சு உண்டு, தெங்கும் காய்க்கின்றது. அறியாமையைக் குறித்த உவமை ஒன்றுமில்லை. உடையவன் கொடுக்கத் தெரியாமையே குற்றமாகச் சொல்லப்பட்டது. நல்ல பாடகன் நல்லாசிரியன் என்று நம்பிய எமக்கு இதைவிட வேறு கண்டனம் வேண்டா.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையும் இதனை வலியுறுத்தும். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டிலே சோழன் அவைக்கு வந்தாள். அவளுக்கு வாய்த்த ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் முதலியோர் இலக்கணத்தை இளங்கோவடிகள் நிரலே விரித்துரைக்கின்றார். ஐந்து வயதிலே தொடங்கும் ஒரு பெண்ணின் கல்வி அத்துணைப் பெரியோரை வேண்டியதாக அவர் கருதினார்.

அங்ஙனமாயின் இசை மாணவர் கற்பித்தலே ஆகாதோ எனின், அற்றன்று. சட்டாம்பிள்ளை ஆசிரியர் கண்ணெதிரே இருந்தே கற்பித்தான். பெல் என்பாரின் முறையிலும் ஆசிரியர் மேற்பார்வை இருந்தது. நாம் சட்டாம்பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசிரியரை நீக்கிவிட்டோம். முதற்பாடமும் சுருதி நிர்ணயமும் முதிர்ந்தவர் கையில் இருக்க, நாடோறும் பிள்ளையோடிருந்து சாதகஞ் செய்விக்கும் பணியை மாணவர்க்கு அளிக்கலாம். மாதம் ஒருமுறை பிள்ளையை முதிர்ந்தவர் கேட்டறிதல் வேண்டும். இசை பயிற்றும் நிறுவனங்கள் இதனைப் பாடவிதானத்தின் பகுதியாகவே அமைத்தல் நன்று. மாணவர்க்கு ஊதியமும் உண்டு. எஞ்சிய அரைக்கூறும் உண்டு. குழந்தையின் குரலுக்கும் கேடில்லை. பெற்றோர்க்குச் சொல்லக்கிடப்பது ஒன்றே. மேடையில் ஏற்றுமாறு ஆசிரியரை அவசரப்படுத்தற்க. அவ்விளைஞன் கீர்த்தனைக்குத் தாவியமைக்கு நவராத்திரி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த எம் வீட்டாரும் காரணம்.

அவன்மேல் எனக்கு மனக்குறை இல்லை. அவன் இப்பொழுது ஆசிரியனாக இருக்கின்றான் என்றும், தன்னிடம் வருகின்ற பிள்ளைக்கு முதலிற் சுருதி பார்க்கின்றான் என்றும் கேள்விப்பட்டேன். சூத்திரம் பொய்க்கவில்லை, அவன் அரைக்கூறு நிரம்பிற்று. அதற்கு விலை கொடுத்தவள் என் பெறாமகள். ஒருவன் கல்வி நிரம்ப மற்றொருத்தி குரல் இழத்தல் கூடாது என்பதனை, இசை பயிலும் எம் கல்லூரி மாணவரும் அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியரும் உளங்கொள்வாராக.