அம்மாவின் கேப்ஸ்யூலும் 21 பேரின் குடலும்

சில மாதங்களுக்கு முன் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. குளிர்க் காய்ச்சல், இடுப்பு வலி. டாக்டர் 7 நாளைக்கு ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். கூடவே "இது வயித்துக்கு" என்று ஒரு ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல். நான் படித்தவன் அல்லவா, குறுக்கே புகுந்தேன். "இது வேணாம்மா. இதைச் சாப்பிட்டா உன்னோட சொந்த பாக்டீரியா திரும்பி வர லேட் ஆகும்னு ஆராய்ச்சியே வந்திருக்கு" என்றேன். அம்மாவும் நம்பி அந்த அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. அம்மா ஆண்டிபயாடிக்கையே நிறுத்தப் போகிறேன் என்றார். டாக்டருக்குப் போன் போட்டேன். எத்தனை தடவை போகிறது, ரத்தம் கலந்து போகிறதா, காய்ச்சல் எப்படி என்று கேட்டார். ஓ.ஆர்.எஸ். குடிக்கச் சொன்னார், ஆண்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது என்றார். கடைசியாக, "அந்த கேப்ஸ்யூல் சாப்பிடறாங்கல்ல?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கேப்ஸ்யூல் சாப்பிட்டிருந்தால் வயிற்றுப்போக்கே வந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது, சாப்பிடுகிறவர்களுக்கும் வருகிறதுதான். என் உறுத்தல் வேறு. ஒரே ஓர் ஆய்வை நம்பி, அதுவும் சுருக்கத்தையும் செய்தித் தலைப்பையும் மட்டும் படித்துவிட்டு, 67 வயது அம்மாவுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ஆய்வை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். இது அந்த வாசிப்பின் குறிப்பு.

ஆய்வு என்ன செய்தது?

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த எரான் எலினாவ், எரான் சீகல் ஆகியோரின் குழுக்கள் 2018 செப்டம்பரில் 'செல்' ஆய்விதழில் வெளியிட்டது. ஆரோக்கியமான 21 பேருக்கு சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆண்டிபயாடிக்குகளைச் சேர்த்து 7 நாள் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா எதிர்பார்த்தபடியே பெருமளவு அழிந்தது. பிறகு மூன்று குழு. 7 பேரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். 8 பேருக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக்கை 4 வாரம் கொடுத்தார்கள். மீதி 6 பேருக்கு, ஆண்டிபயாடிக்குக்கு முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த அவரவர் மலத்திலிருந்து பாக்டீரியாவைத் திரும்பக் குடலுக்குள் செலுத்தினார்கள்.

மூன்றாவது குழுவுக்குச் சில நாளிலேயே பழைய நிலை கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. சும்மா விடப்பட்டவர்களுக்குச் சில வாரங்கள் ஆயின. ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்கள்தான் கடைசி. புது பாக்டீரியா குடலில் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் சொந்த பாக்டீரியா மாதக்கணக்கில் முழுதாகத் திரும்பவில்லை. லாக்டோபேசில்லஸ் சுரக்கும் சில பொருட்கள் மற்ற பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதையும் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் மலத்தை மட்டும் பரிசோதித்துவிட்டு "குடல் இப்படி இருக்கிறது" என்று சொல்லிவிடும். வீட்டு வாசலில் வைத்த குப்பையைப் பார்த்து உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்கிற மாதிரி. இவர்கள் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி செய்து குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். ஆரோக்கியமான மனிதர்களிடம் திரும்பத் திரும்ப இதைச் செய்வது சாதாரண வேலை இல்லை.

எனக்கு எங்கே இடிக்கிறது?

முதல் சிக்கல், அந்த 21 பேருக்கும் எந்த நோயும் இல்லை. ஆண்டிபயாடிக்கின் விளைவை மட்டும் தனியாகப் பார்க்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நிஜத்தில் ஆரோக்கியமானவர் யாரும் ஆண்டிபயாடிக் சாப்பிடுவதில்லை. தொற்று வந்த பிறகுதான் மருந்து வருகிறது. குடல் தொற்றாக இருந்தால், மருந்துக்கு முன்பே உள்ளே நிலவரம் மாறிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் சால்மொனெல்லா. அது குடலில் அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சியில் டெட்ராதயோனேட் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. சால்மொனெல்லா அதை வைத்துச் சுவாசித்து வேகமாகப் பெருகும். நம் குடலின் வழக்கமான குடியிருப்பாளர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. நம் உடல் நோயை எதிர்த்துப் போடும் சண்டையே நோய்க்கிருமிக்குச் சாதகமாகிறது. அதாவது தொற்றும் குடல் பாக்டீரியாவைக் குலைக்கும், அதற்குக் கொடுக்கும் மருந்தும் குலைக்கும். 21 பேரிடம் பார்த்தது இரண்டாவது பாதியை மட்டும்தான்.

சொந்த மலத்தைச் சேமித்து வைக்கும் யோசனையும் இங்கேதான் தடுமாறுகிறது. ஆரோக்கியமான ஆளிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். நோயாளி வருவதே தொற்று வந்த பிறகு. அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் நம் குடலிலிருந்தே போகிறது. மருந்துக்கு முந்தைய நாள் மலத்தைச் சேமித்துத் திரும்பச் செலுத்தினால், அந்த ஈ.கோலையையும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம் என்று ஆகலாம்.

இரண்டாவது சிக்கல் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆய்வு கேட்ட கேள்வி: "பழைய பாக்டீரியா திரும்பி வந்ததா?" டாக்டர் கேப்ஸ்யூல் எழுதும்போது மனதில் இருக்கும் கேள்வி: "இந்த நோயாளிக்கு வயிற்றுப்போக்கு வராமல் இருக்குமா?" இரண்டும் வேறு வேறு. முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாவது கேள்விக்குப் பொருத்தியதுதான் நான் செய்த தவறு. "ப்ரோபயாடிக் தீங்கு" என்று தலைப்புப் போட்ட செய்திகளும் இதைத்தான் செய்தன. ப்ரோபயாடிக் சாப்பிட்ட அந்த 8 பேருக்கும் மற்றவர்களைவிட அதிகமாக நோய் வந்தது என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கு என்ன பதில்?

அதுவும் நேர்க்கோடாக இல்லை. 2012இல் 'ஜாமா' இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 63 சோதனைகள், 11,811 பேர். ப்ரோபயாடிக் எடுத்தவர்களிடம் ஆண்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு 42 சதவீதம் குறைவு. 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தவிர்க்கலாம் என்ற கணக்கு. அடுத்த ஆண்டே 'லான்செட்' இதழில் வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த பெரிய சோதனை வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஏறக்குறைய 3,000 பேர். ப்ரோபயாடிக் எடுத்தவர்களில் 10.8 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10.4. வித்தியாசமே இல்லை.

எப்படி இவ்வளவு முரண்? ஒரு காரணம், 'ப்ரோபயாடிக்' என்ற ஒரே பெயருக்குள் பல வேறு உயிர்கள் இருக்கின்றன. தொகுப்பாய்வில் பாக்டீரியாவும் உண்டு, ஈஸ்டும் உண்டு. இங்கிலாந்து சோதனையில் பாக்டீரியா மட்டும். இதைப் படித்த பிறகுதான் அலமாரியிலிருந்து அம்மாவின் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்தது சாக்கரோமைசிஸ் பௌலார்டி. அது ஈஸ்ட், பாக்டீரியாவே இல்லை. வைஸ்மன் ஆய்வின் 11 வகைகளில் அது இல்லை. போதாக்குறைக்கு அவர்கள் ப்ரோபயாடிக் கொடுத்தது ஆண்டிபயாடிக் முடிந்த பிறகு. அம்மாவுக்கு எழுதியது ஆண்டிபயாடிக்கோடு சேர்த்து. நான் மேற்கோள் காட்டிய ஆய்வுக்கும் அலமாரிக்குப் போன மருந்துக்கும் சம்பந்தமே இல்லை!

அப்படியானால் பாக்டீரியா திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன?

அப்படியும் விட்டுவிட முடியாது. 1950களிலேயே எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண எலிக்கு சால்மொனெல்லா தொற்று வர ஒரு லட்சம் அளவில் கிருமிகள் தேவைப்பட்டன. மருந்து கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவாகவே போதுமானதாக இருந்தது. குடலில் ஏற்கெனவே இருக்கிற கூட்டம் புதிதாக வருபவனுக்கு இடமும் கொடுக்காது, சாப்பாடும் கொடுக்காது. கூட்டம் கலைந்தால் கதவு திறந்த வீடு.

மனிதரில் இதன் கொடுமையான வடிவம் சி. டிஃபிசில் தொற்று. ஆண்டிபயாடிக் கூட்டத்தைக் கலைத்த பிறகு வருவது, மருந்து கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வருவது. 2013இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைக் குடலுக்குள் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமானது. இரண்டாவது தடவையில் இன்னும் 2 பேருக்கு. வான்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே அளந்தது நோயாளி குணமானாரா என்பதை. அதனால்தான் 16 பேரை வைத்தே உறுதியாகப் பேச முடிந்தது. வைஸ்மன் ஆய்வில் அந்த அளவுகோல் இல்லை.

இன்னொன்று, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் முழு மீட்சி இல்லை. 2018இலேயே 'நேச்சர் மைக்ரோபயாலஜி'யில் வந்த ஆய்வில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு மூன்று வலுவான ஆண்டிபயாடிக்குகளை 4 நாள் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் பழைய நிலை. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 இனங்கள் 180 நாள் கழித்தும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. எனவே "தானா வந்துடும்" என்பதும் பாதி உண்மைதான். தேவையில்லாத ஆண்டிபயாடிக்கைத் தொடாமல் இருப்பதுதான் நிச்சயமான ஒரே பாதுகாப்பு. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதைச் சொல்கிறேன். அம்மாவின் தொற்று அந்த ரகம் இல்லை; அங்கே மருந்து அவசியம். நிறுத்தியிருந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம்.

வைஸ்மன் ஆய்வு மோசமானது என்று நான் சொல்லவில்லை. 'நல்ல பாக்டீரியா' என்று எழுதி விற்கும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது சரியா என்று கேட்க வைத்தது அதுதான். ஒட்டிக்கொள்வதே நன்மை என்று விளம்பரம் சொன்னபோது, ஒட்டிக்கொண்டதே தடையாகலாம் என்று காட்டியது. அதன் எல்லையைத் தாண்டி இழுத்தது நான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த தடவை அதைச் சாப்பிடணுமா, வேணாமா?" என்றார். "டாக்டர்கிட்டயே கேப்போம்மா" என்றேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.