ஓம் மந்திரம்

வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் இருந்தால் ஒருநாள் உங்களிடமும் கோரிக்கை வரும்: 'பிக்கப் மாத்தணும்ப்பா.' பைக்கின் பிக்கப் இல்லை. இது கிடார் தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும், தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளும். மேலே ஸ்டீல் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே சமாசாரம்தான்.

பர்ஸை எடுக்கும் முன் ஒரு நிமிடம்.

விற்பவர் முதலில் சொல்லும் நம்பர், ஓம். 8 கிலோ ஓம், 13 கிலோ ஓம்... ஏற ஏற 'ஹாட்'டாம். நான் பி.காம். டர்ன்ஓவரைக் காட்டி லாபம் என்று நம்பவைக்கும் வித்தை கொஞ்சம் தெரியும். இதுவும் அந்த ரகம். கம்பியை மெலிதாக்கினாலே போதும், ஒரு சுற்றுகூட கூட்டாமல் ஓம் ஏறிவிடும். உள்ளே என்ன காந்தம் என்பது பற்றி அந்த நம்பர் மூச்சே விடாது. நிஜமாகவே சுற்றைக் கூட்டினால் சத்தம் கூடும். கூடவே மேல் ஸ்வரங்களின் பளபளப்பு மங்கும்.

1972-ல் லாரி டிமார்சியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன், தனியாக வாங்கி மாட்டும் பிக்கப்களில் முன்னோடி. செராமிக் காந்தம், 13 கிலோ ஓமுக்கு மேல். வால்வ் ஆம்ப்ளிஃபயரை உறும வைக்கவே பிறந்தது. அந்த வேலையில் கில்லாடி. அதை மாட்டிக்கொண்டு ஜாஸ் குழைவு வரலையே என்பவர், புல்லட் வாங்கிவிட்டு சத்தம் ஜாஸ்தி என்று புலம்புகிற ஆசாமி.

எதிர்க்கட்சியினர் பழசின் பக்தர்கள். கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். கரன்ட்டின் 'ம்ம்ம்' இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போனது. பெயர் ஹம்பக்கர். 1955-ல் காப்புரிமைக்கு மனுப் போட்டு 1959-ல் கிடைத்தது. இடையில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பிக்கப்களுக்கு இன்று ஆயிரக்கணக்கான டாலர் விலை. ஆனால் அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. சுற்று முன்னே பின்னே. காந்தமும் கையில் கிடைத்தது. ஆடிட்டர் பார்த்தால் தரக் கட்டுப்பாடு சரியில்லை என்று எழுதுவார். பக்தர்கள் அதை 'ஆன்மா' என்கிறார்கள். 'அசல் பழைய ஒலி' என்று விளம்பரம் வந்தால், எந்தப் பிக்கப்பின் ஒலி என்று தாராளமாகக் கேளுங்கள். (காப்புரிமை கிடைத்தபின் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது லெஸ் பாலின் டெயில்பீஸ் காப்புரிமை எண். போட்டியாளரைக் குழப்பவா, குமாஸ்தாவின் கைப்பிழையா, சண்டை ஓயவில்லை.)

மந்தமான கிடார் என்றால் மிதமான சுற்றும் அல்னிகோ 5 காந்தமும் என் ஓட்டு. அதற்கும் முன்னால், ஹம்பக்கர் கிடாரில் வால்யூம் கன்ட்ரோல் 250 கிலோ ஓமா, 500-ஆ என்று பார்க்கச் சொல்லுங்கள். 250 என்றால் அதை மாற்றினாலே பாதி மூட்டம் விலகும், அற்பச் செலவு. பிறகு பிக்கப்பின் இருபக்க ஸ்க்ரூக்களை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை மாற்றி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேட்கட்டும். ஸ்க்ரூடிரைவர் தையல் மிஷின் டிராயரில் இருக்கும், பாருங்கள்.