ஆளில்லாத தீவு

தன்னைத் தீவு என்று ஒருமுறையாவது சொல்லிக்கொள்ளாத புதுக்கவிஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தனிமை, அந்நியமாதல் என்றெல்லாம் அனுபவத்தில் கண்டு சொல்ல வேண்டியதை ஒரே சொல்லில் முடித்துவிடும் வசதி இந்தப் படிமத்துக்கு உண்டு. பயணக் கட்டுரைக்காரர்கள் அதே சரக்கைத் தலைகீழாக விற்கிறார்கள். அவர்களுக்குத் தனிமை துயரம் அல்ல, ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கும் சுகம். இரு சாராருக்கும் ஒரு நிபந்தனை பொது: தீவில் ஆள் இருக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வடக்கே போய், ஆரம்பாக்கம், தடா தாண்டினால் பீமுலவாரிபாளையம் படகுத்துறை வரும். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை அது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சில்காவுக்கு அடுத்தது இந்த ஏரி. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில், மீதி ஆந்திரத்தில். ஏரிக்குள் இருக்கம் என்று ஒரு தீவு. சிப்காட் வாசியான நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாலையில் திரும்பினேன்.

படகில் இரண்டு காஸ் சிலிண்டர், அரிசி மூட்டைகள், ஒரு தையல் மிஷின், காலில் கட்டுப்போட்ட ஒரு கிழவர். தீவில் எத்தனை வீடு இருக்கும் என்று பக்கத்திலிருந்த அம்மாளைக் கேட்டேன். "தீவுன்னு நீங்க சொல்றீங்க தம்பி, எங்களுக்கு ஊருதான்" என்றார். தமிழ் பேசும் ஊர், ஓட்டு ஆந்திரத்தில். சத்தமில்லை என்பது உண்மை. மரத்தடியில் உட்கார்ந்தால் காற்று ஒன்றுதான் கேட்கிறது. ஆனால் படகு எப்போது, யார் அக்கரையில் இருக்கிறார்கள், யார் திரும்பவில்லை என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் தெரிகிறது. அக்கரையை இவ்வளவு சதா நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர்களை நான் சென்னையில் பார்த்ததில்லை. தனிமைக்குப் படிமம் வேண்டுமென்றால் சிப்காட் குடியிருப்பில் என் அறையே போதும்.

ஏரியின் தென்பகுதி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. நீரில் கோடு கிடையாது. பேச்சில்தான் இருக்கிறது. (பாடு என்றால் துன்பம் என்று மட்டுமே எழுதப் பழகிவிட்டோம்.)

மேற்கே இந்தத் தனித்தீவு மோகத்துக்கு மூலப்பிரதியாகச் சொல்லப்படுவது டீஃபோவின் ராபின்சன் குருசோ, 1719. அதைத் திரும்பப் படித்தால் தனிமையைவிடக் கணக்குப் புத்தகம்தான் அதிகம் தென்படுகிறது. குருசோ கப்பலேறியதே ஆப்பிரிக்காவில் அடிமைகள் பிடிக்க. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளை ஏற்றியதும் இதே தொழில்தான். அவர்களுடைய கெல்டிரியா கோட்டை இடிந்துவிட்டது. செதுக்கிய கல்லறைகள் நிற்கின்றன. நம்மவர்கள் குருசோவிடமிருந்து தீவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் ஏன் கிளம்பினான் என்பதை விட்டுவிட்டார்கள்.

இதை வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தளத்துக்கு அந்தத் தீவு 1969இல் தேர்வானது. கிழக்கே திறந்த கடல், பூமத்திய ரேகைக்கு அருகாமை என்ற காரணங்களோடு, பெரும்பாலும் மனிதவாசமற்ற பரப்பு என்பதும் ஒரு தகுதி. அங்கே யானாதிகள் இருந்தார்கள். மீனவர்கள் இருந்தார்கள். இடம் பெயர்ந்தார்கள். முதல் ராக்கெட் 1971இல் கிளம்பியது. இன்றும் ஏவுதள நாட்களில் சுற்றுவட்டாரத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ராக்கெட் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். நான் கவனிப்பது பெயரடையை. நில அளவைக்காரரும் கவிஞரும் ஒரே சொல்லில் வந்து சேர்கிறார்கள். அவருக்காவது அளக்க வேண்டிய உத்தியோகம் இருந்தது.

வலை, மீன், படகு என்று கவிதையில் நிரப்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியல் யதார்த்தம் இதைவிட அலுப்பு. சொல்லுக்குப் பின்னால் ஸ்தூலமாக ஓர் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகள் முகாம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தீவு என்ற சொல் அங்கே எந்த எடையோடு புழங்குகிறது என்பதைத் தமிழ் வாசகன் அறிவான். அவனிடம் போய் 'நான் ஒரு தீவு' என்று சொல்லும் கவிஞர், எந்தத் தீவு என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்?