ஓரியின் ஊரில் பரோட்டா

சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுகிறவர்களுக்குக் கொல்லிமலை ரொம்ப சௌகரியம். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், செம்மேட்டில் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை. போட்டோ எடுத்தாச்சா? சரி, சாப்பிடப் போகலாம் என்று உட்கார்ந்தால் பரோட்டா, சிக்கன் ரைஸ். இதற்கா அத்தனை வளைவு?

ஹோட்டல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்பதைத்தான் போடுகிறார்.

இந்த மலை 14 நாடுகள் கொண்டது. பைல் நாடு அதில் ஒன்று. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் சோறு சாமை, தினை, கேழ்வரகு. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்ததால் மரவள்ளி ஏறியது, சாமை இறங்கியது. உரலில் குத்தி உமி நீக்கும் பாடு வேறு, அதுவும் பெண்கள் தலையில். 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையைக் காப்பாற்றவும், அரவை இயந்திரம் வைக்கவும் பாடுபட்டது.

சிலையை நாம் பார்க்காவிட்டாலும் அது நிற்கும். சாமை அப்படியில்லை, தின்ன ஆளிருந்தால்தான் விதைப்பார்கள். அதுவும் சரித்திரம்தான் சார்!

அடுத்த முறை போனால், ‘சாமைச் சோறு இருக்கா?’ என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது கிடைக்கும்.