ஏகாந்தமும் நாவலும்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பிரமை உண்டு. விருந்தாளியும் வீட்டுச் சத்தமும் இல்லாத ஓரிடம் கிடைத்துவிட்டால், நின்றுபோன நாவல் தானே நகர ஆரம்பித்துவிடும் என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன். பாதியில் நின்ற நாவலை எடுத்துக்கொண்டு, சீஸன் முடிந்த பிறகு குற்றாலத்தில் ஓர் அறை பிடித்துத் தனியாகப் பத்து நாள் தங்கினேன். துணைக்கு எடுத்துப் போன புஸ்தகம் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அதுவும் தனி இடத்தில் எழுதப்பட்டது என்பதுதான் காரணம்.

மனைவியை 1945-ல் இழந்த ஆர்வெல், மறு வருஷம் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்குப் போனார். அவர் தங்கிய பார்ன்ஹில் வீட்டில் மின்சாரம் கிடையாது. சுவீகாரப் பிள்ளையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கையும் உடன் இருந்தார்கள். முதல் கோடையில் தோட்டம் போட்டதும் மீன் பிடித்ததும் அதிகம்; எழுதியது கொஞ்சம். 1947 கடைசியில் முதல் பிரதி முடிந்ததும் க்ஷய ரோகத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1948-ல் திரும்பி வந்து, டைப் அடிக்க ஆள் கிடைக்காமல், படுக்கையில் கிடந்தபடியே தாமே அடித்து முடித்தார். நாவல் 1949 ஜூனில் வெளிவந்தது. 1950 ஜனவரியில் அவர் இறந்தார், வயது 46.

இந்தத் தீவு நாவலில் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன், இல்லை. இருப்பதெல்லாம் லண்டன்: வேகவைத்த முட்டைக்கோஸின் நாற்றம், மட்டமான ஜின், நெரிசலான சாப்பாட்டுக் கூடம். யாருமே கண்காணிக்காத இடத்தில் உட்கார்ந்து, கண்காணிப்பிலிருந்து தப்ப முடியாத ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வின்ஸ்டனுக்குக் கிடைத்த ஏகாந்தம், திரையின் பார்வை படாத ஒரு சுவர் மூலை. அங்கேதான் அவன் டைரி எழுதுகிறான். அந்த மூலையைவிட உயிருள்ள இடம் அந்த நாவலில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தனிமையின் குறையும் அதில் தெரிகிறது. நடுவில் கோல்ட்ஸ்டைன் புஸ்தகம் என்று பக்கம் பக்கமாக ஒரு பிரசங்கம் வருகிறது. குறுக்கே பேச ஆளில்லாதவன் பேசும் பேச்சு அது. சாட்டன் கிராமத்தில் தாயும் அக்காளும் நடமாடும் வீட்டில் ஜேன் ஆஸ்டின் எழுதினார். ஆள் வருவதைத் தெரிவிக்கும் என்பதற்காக, கிறீச்சிடும் கதவைச் சரிசெய்ய வேண்டாமென்றார் என்று அவருடைய அண்ணன் மகன் எழுதியிருக்கிறார். அவர் நாவல்களில் ஒருவர் நீட்டிப் பேசினால் மற்றொருவர் விடமாட்டார்.

என் சங்கதிக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் என் குற்றம் புரிந்தது. நாவலில் வரும் மாமியார் பொய். மருமகளைக் கொடுமைப்படுத்துவதற்கென்றே அவளைச் செய்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்தவரை சத்தத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பழி போட யாரும் இல்லை. பத்து நாளில் எழுதியது பதினோரு பக்கம், கிழித்தது அறுபது.

அந்த மாமியாரைத் திரும்ப எழுதக் குற்றாலத்தில் என்னால் முடியவில்லை. ஊருக்கு வந்து, அடுத்த வீட்டு அம்மாள் தன் மருமகளுக்காகக் கீரைக்காரியிடம் அரைமணி நேரம் பேரம் பேசியதைக் கேட்ட பிறகுதான் அவள் வாய் திறந்தாள். ஆர்வெல் லண்டனைச் சுமந்துகொண்டு தீவுக்குப் போனார். நான் வெறும் காகிதக் கட்டோடு போயிருந்தேன்.