பதினைந்தாவது ஆள்

ஒரு நாவலை மதிப்பிடும்போது, அது யாரை மனிதராகக் கண்டது, யாரைக் காணாது விட்டது என்று கேட்கிறோம். சட்டத்தையும் அவ்வாறே படித்தல் வேண்டும்.

இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் ஒரு திருத்தம் புகுந்தது. வேலைநீக்கப்பட்டவர் தாமே தொழில் நியாய சபையின் படியேறி நீதி கேட்கும் உரிமை பிறந்தது. அரச சேவையாளர் நீங்கலாக, கூலியாளுக்கும் முகாமையாளருக்கும் வாசல் ஒன்றே. ஊதிய வரம்பு இல்லை. கூலிக்குத் தானே உழைத்து வேலை முடித்துத் தரும் ஒப்பந்தக்காரனையும் அச்சட்டம் தொழிலாளி என்றே அழைக்கிறது.

இந்தியாவின் 1947ஆம் ஆண்டுச் சட்டமோ மேற்பார்வையாளரின் சம்பளத்தை எண்ணிப் பார்த்தே கதவைத் திறந்தது. அவ்வரம்பு 2010இல் 1,600 ரூபாவிலிருந்து 10,000 ஆயிற்று. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு 18,000 என எழுதியது. விலைவாசியோடு ஏறும் சம்பளம் ஒருவனைச் செல்வனாக்குவதில்லை. ஆயினும் அவன் உரிமையைப் பறித்துவிடுகிறது.

அப்படியாயின் நம் வீடு செம்மையானதா? இல்லை. இங்கே வேலி ரூபாவில் இல்லை, ஆள்தொகையில் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்றது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆனால் முந்திய 6 மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளியை அது தீண்டாது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் வாசலிலும் அதே 15 நிற்கிறது.

மருதமுனையின் தறிக்கொட்டில்களையும், கல்முனையின் புடவைக் கடைகளையும், சம்மாந்துறையின் நெல் ஆலைகளையும் நினைப்போம். அங்குள்ள சிற்றிடங்களில் பதினைந்தாவது ஆள் எங்கே? நான்கு பேர் நெய்யும் கொட்டிலில் தறி நிறுத்தப்பட்டால், நெசவாளி நியாய சபைக்குப் போகலாம். அது அடுப்பு அணைந்த பின்னர் தொடங்கும் வழக்கு. அணையுமுன் தடுக்கும் கை அவனுக்கு இல்லை. அதற்கும் மேலே உறவு என்னும் பூட்டு. மச்சானின் கடையில் நின்றவன், வெள்ளிக்கிழமை ஒரே வரிசையில் தொழுபவன்மீது மனுப் போடுவதா என்று ஊர் கேட்கும்.

சிறு முதலாளியும் கடனில் மூழ்கியவனே என்பர். உண்மைதான். நட்டஈட்டின் அளவை அவன் வலிமைக்கேற்பக் குறைக்கலாம். உரிமையையே குறைப்பது எவ்வாறு? அவன் சுமையை அரசு பகிரட்டும், நெசவாளியின் பிள்ளைகள் பகிர வேண்டாம்.

பக்கத்தில் எத்தனை பேர் வேலை செய்தனர் என்பதைக் கொண்டு ஒருவனுக்கு இழைத்த அநீதியை அளக்கும் கோல் ஒடிய வேண்டும். அதுவரை இச்சட்டத்தை நாம் முற்றுப்பெறாத படைப்பென்றே கொள்வோம்.